மாதவிலக்கு நின்ற பிறகு... பெண்ணின் இதயத்துக்குக் காவல் யார்?

"வைத்தியரய்யா, நாலு நாளா ஒரே வாயு. நெஞ்சுக்குள்ள கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி அமுக்குது. முதுகு, இடது தோள்பட்டை எல்லாம் பிடிச்சு இழுக்கு. நாலு படி ஏறினா எளைக்கு. நல்ல சூரணமா பாத்துக் குடுங்க."

சுமார் பதினைந்து வருஷங்களுக்கு முன்பு, கடையநல்லூரில் என் வைத்தியசாலைக்கு வந்த ஓர் அம்மா இப்படிச் சொன்னார். 52 வயது. பீடி சுற்றுகிறவர். காலையில் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார். மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நாடி பார்த்தேன். வாதம் தூக்கலாக இருந்தது. 'உட்கார்ந்தே வேலை, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, வாயு சேராமல் என்ன செய்யும்?' என்று நினைத்துக்கொண்டு அட்டாதி சூரணம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் மூச்சு முட்டி, உடம்பெல்லாம் வியர்த்து, அவரைத் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஹார்ட் அட்டாக்! உயிர் பிழைத்தார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. சில மாதம் கழித்து அவரைப் பார்த்தபோது கோபமே இல்லாமல் ஒரு வார்த்தை கேட்டார்: "நீங்களும் வாயுன்னுதான சொன்னிய ஐயா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால், அதே வலியை அவருடைய கணவர் வந்து சொல்லியிருந்தால், "முதல்ல போய் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துட்டு வாங்க" என்றுதான் சொல்லியிருப்பேன். பொம்பளைக்கு நெஞ்சுவலி என்றால் வாயு, ஆம்பளைக்கு நெஞ்சுவலி என்றால் மாரடைப்பு என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. வைத்தியனான நானும்தான்.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி உண்மையின் பெயர் ஈஸ்ட்ரோஜன்.

அது என்ன ஈஸ்ட்ரோஜன்?

பெண்ணின் கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் பாதாம்பருப்பு அளவில் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. மாதம் ஒரு கருமுட்டையைப் பக்குவப்படுத்துவதோடு, இவை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனையும் சுரக்கின்றன. 1923-ல் அமெரிக்காவில் எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சி என்ற இருவர் சினைப்பையில் இப்படி ஒரு பொருள் இருப்பதை நிரூபித்தார்கள். 1929-ல் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள்.

பெண் குழந்தை பெரியமனுஷி ஆவதற்கும், மாதவிலக்கு ஒழுங்காக வருவதற்கும் இதுதான் காரணம் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றி வருகிற இந்த ஹார்மோன், கர்ப்பப்பையோடு நின்றுவிடுவதில்லை.

ஒரு சாவி எந்தப் பூட்டில் பொருந்துகிறதோ அதைத்தான் திறக்கும், இல்லையா? ஈஸ்ட்ரோஜன் சாவி என்றால் அதற்கான பூட்டுகள் எலும்பில் இருக்கின்றன, மூளையில் இருக்கின்றன, தோலில் இருக்கின்றன, ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கின்றன. ஏன், இதயத் தசையிலேயே இருக்கின்றன! 1996-ல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இரண்டாவது வகைப் பூட்டு ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். ஆக, 'இது பெண்ணுறுப்பு சம்பந்தப்பட்ட சமாசாரம்' என்று ஒதுக்கிவிட முடியாது.

இதயத்துக்கு என்ன செய்கிறது?

நாலு விதமாகக் காவல் காக்கிறது.

ஒன்று: ரத்தக்குழாயின் உள்சுவரிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளைச் சுரக்கவைக்கிறது. இதனால் குழாய் இறுகாமல் இளகி விரிந்து கொடுக்கிறது. ரத்த ஓட்டம் தடையில்லாமல் போகிறது.

இரண்டு: கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லைக் கட்டுக்குள் வைக்கிறது. நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல். குறையாமல் பார்த்துக்கொள்கிறது. வயிற்றைச் சுற்றித் தொப்பை விழுவதையும் ஓரளவு தடுக்கிறது.

மூன்று: இதயத் தசைக்குள்ளேயே வேலை செய்கிறது. தசைச் செல்களுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்குத் துணை நிற்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லுக்குள் கால்சியம் வந்து போவதை ஒழுங்குபடுத்துகிறது. தசை நார்களுக்கு நடுவே தழும்புத் திசு படிவதைக் குறைக்கிறது. சினைப்பையை எடுத்த எலிகளின் இதயம் இறுகிப்போவதையும், ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் இளகுவதையும் ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள்.

நான்கு: பயம், துக்கம், கோபம் வரும்போது உடம்பில் பாய்கிற அட்ரினலின் இதயத்தை அடித்து நொறுக்காமல் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது.

இதன் பலனை உலக அளவில் கணக்கெடுத்துக் காட்டியவர் நமக்கு அக்கம்பக்கத்துக்காரர்தான். செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப்புறம் போனால் வருகிற கொட்டாரக்கரையில் பிறந்து, கனடாவில் பேர் வாங்கிய டாக்டர் சலீம் யூசுப். அவர் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், முதல் மாரடைப்பு பெண்களுக்கு ஆண்களைவிடச் சராசரியாக 9 வருஷம் தாமதமாகத்தான் வருகிறது என்று தெரிந்தது.

கவனியுங்கள். 'வராது' என்று சொல்லவில்லை. 'தாமதமாக வருகிறது' என்றுதான் சொல்கிறது! அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய மக்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சுமார் 6 வருஷம் முந்தி வந்துவிடுகிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொள்கிற கதைதான்.

பேரிளம்பெண்ணுக்குப் பிறகு பெயர் இல்லை

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பெண்ணின் பருவங்களை நம் முன்னோர் ஏழாகப் பிரித்தார்கள். பேரிளம்பெண்ணின் வயது 32 முதல் 40 வரை. அதற்குமேல் பெயரே வைக்கவில்லை!

இன்றைக்கு நிலைமை என்ன? நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. மேல்நாட்டில் 51. தமிழ்நாட்டுப் பெண்களின் சராசரி ஆயுளோ எழுபதைத் தாண்டிவிட்டது. அப்படியானால் ஒரு பெண் தன் வாழ்வில் 25, 30 வருஷங்களை ஈஸ்ட்ரோஜன் காவல் இல்லாமல் கழிக்கிறாள். பெயர் வைக்காத அந்தப் பருவத்தில்தான் இதயநோய் வந்து நுழைகிறது.

சித்த மருத்துவத்தில் ஏழு உடற்கட்டுகள் என்போம். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை... ஏழாவது பெண்ணுக்குச் சுரோணிதம். ஒன்றிலிருந்து ஒன்று ஊட்டம் பெறுவதால், ஒன்று கெட்டால் மற்றவையும் ஆட்டம் காணும் என்று பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்தோம். பரீட்சைக்காகப் படித்ததோடு சரி. மாதவிலக்கு நின்ற பெண்ணின் நெஞ்சை அந்தக் கண்ணோடு பார்க்க எனக்கு இருபது வருஷம் பிடித்தது.

மூன்று வேஷம் போடும் நோய்

முதல் வேஷம், மாரடைப்பு. பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் பிரதான அறிகுறி. ஆனால் சினிமாவில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறமாதிரிதான் வரவேண்டும் என்பதில்லை. தாடை வலி, கழுத்து வலி, இரண்டு தோள்களுக்கும் நடுவே முதுகு வலி, மேல்வயிற்றில் எரிச்சல், குமட்டல், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத அசதி, மூச்சிரைப்பு என்று கூட்டாளிகளோடு வரும். அதனால்தான் வாயு, பித்தம், அல்சர், 'வேலை ஜாஸ்தி' என்று ஆளுக்கொரு பெயர் வைத்துவிடுகிறோம்.

இரண்டாவது வேஷம், இறுகிப்போன இதயம். இதயத்துக்கு வேலை இரண்டு. சுருங்கி ரத்தத்தைத் தள்ளவேண்டும். தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளவும் வேண்டும். கிணற்றில் வாளி நிறைந்தால்தானே மேலே தண்ணீர் வரும்? வயது, பி.பி., ஷுகர், உடல் பருமன் ஆகியவற்றோடு ஈஸ்ட்ரோஜனும் குறையும்போது, தசை இறுகித் தளர மறுக்கிறது. ரத்தம் நுரையீரல் பக்கமே தேங்குகிறது. நடந்தால் இளைப்பு, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டல், சாயந்தரம் கால் வீக்கம்.

எக்கோ எடுத்துப் பார்த்தால் 'பம்பிங் 60 சதவீதம், நார்மல்' என்று இருக்கும். தள்ளுகிற சக்திதான் நார்மல். வாங்குகிற சக்தி போய்விட்டது! இந்த வகை இதயச் செயலிழப்பு ஆண்களைவிடப் பெண்களிடம்தான் அதிகம். "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு, சும்மா சும்மா முடியலைங்கா" என்று மருமகளோ மகனோ அலுத்துக்கொள்ளும் அம்மாக்களில் சிலருக்கு இதுதான் வியாதி. 'தசை தளர்வது எப்படி இருக்கிறது' என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

மூன்றாவது வேஷம் விசித்திரமானது. துக்கச் செய்தி கேட்ட மாத்திரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு மாதிரியே தெரியும். ஆனால் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்காது. இதயத்தின் நுனி மட்டும் பானைபோல உப்பிப்போயிருக்கும். 1990-ல் ஜப்பானியர்கள் இதை விவரித்தபோது, ஆக்டோபஸ் பிடிக்கிற பானையின் பெயரையே வைத்து 'டாகோட்சுபோ' என்றார்கள். இதற்கு ஆளாகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் மாதவிலக்கு நின்றவர்கள். அட்ரினலின் அடியைத் தாங்கிப்பிடிக்க ஆள் இல்லாமல் போனதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் வீழ்ந்ததும் கோப்பெருந்தேவி உயிர் விட்டதைப் படிக்கும்போது, இப்போதெல்லாம் எனக்கு இந்த நோய்தான் ஞாபகம் வருகிறது. நல்லவேளையாக, உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. சாவு வீட்டில் மயங்கி விழுந்த பெண்ணுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு 'அழுத அசதி' என்று விட்டுவிடாதீர்கள்.

மாத்திரையாகக் கொடுத்தால் என்ன?

உங்களுக்குத் தோன்றுகிற இந்தக் கேள்வி விஞ்ஞானிகளுக்கும் தோன்றியது. குறைந்துபோன சாமானை வெளியிலிருந்து கொடுத்தால் சரியாகிவிடாதா?

1942-லேயே அமெரிக்காவில் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோஜன் மாத்திரை செய்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். 1960-களில் மாரடைப்பு வந்த ஆண்களுக்குக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள்! மார்பு வீங்கியதுதான் மிச்சம். ரத்தம் உறைகிற ஆபத்து கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். பெண்களுக்கு மட்டும் 'இதயத்துக்கும் நல்லது' என்று சொல்லி லட்சக்கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள்.

உண்மை 2002 ஜூலையில் வெளிவந்தது. 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் சேர்ந்த மாத்திரையை நேர்மையாகச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை, 29 சதவீதம் கூடியிருந்தது! பயந்துவிடாதீர்கள். 10 ஆயிரம் பெண்களில் வருஷத்துக்கு 7 பேர் கூடுதல் என்பதுதான் இதன் அர்த்தம். பக்கவாதமும் மார்பகப் புற்றும்கூடச் சற்று அதிகம். சோதனையை மூன்று வருஷம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள்.

சொந்த ஹார்மோன் காப்பாற்றியது, கடையில் வாங்கிய ஹார்மோன் ஏன் காப்பாற்றவில்லை? அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்குமேல் ஆனவர்களே அதிகம். அதற்குள் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்துவிட்டது. சுத்தமான குழாயைக் காக்கிற ஈஸ்ட்ரோஜன், கெட்டுப்போன குழாயைச் சரிசெய்வதில்லை. தவிர, வாய்வழியாகப் போகிற மாத்திரை கல்லீரலைத் தூண்டி ரத்தம் உறைவதையும் கூட்டுகிறது. திருடன் உள்ளே புகுந்த பிறகு வாசலில் காவல் போட்ட கதை.

இன்றைய நிலவரம் இதுதான்: அறுபதுக்கு உட்பட்டவராக, மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்குள் இருப்பவராக இருந்து, உடம்பு தகதகவென்று கொதிப்பதும் தூக்கமின்மையும் பாடாய்ப் படுத்தினால், டாக்டர் ஆராய்ந்து பார்த்து ஹார்மோன் கொடுக்கலாம். பலருக்கு நல்ல குணம் தெரிகிறது. ஆனால் மாரடைப்பு வராமல் தடுப்பதற்காக மட்டும் யாரும் அதைச் சாப்பிடக்கூடாது.

கர்ப்பப்பையை எடுக்கும் முன்...

இயற்கையாக 47-ல் நிற்பது ஒன்று. 35-ல் கத்தி வைத்து நிறுத்துவது வேறு.

"பிள்ளைதான் பெத்தாச்சே, இனி அது எதுக்கு? எடுத்துப் போட்டுட்டா நிம்மதி" என்று சொல்லும் பெண்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். 2015-16 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை எடுத்தவர்கள் நாடு முழுக்க 3.2 சதவீதம். பக்கத்து ஆந்திராவில் 8.9 சதவீதம்! மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூலி கெடக்கூடாது என்பதற்காகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட கொடுமை 2019-ல் நாட்டையே உலுக்கியது. தேவையில்லாமல் இந்த ஆபரேஷன் செய்வதைக் கண்காணிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பது கர்ப்பப்பை அல்ல, சினைப்பை. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும், ஹார்மோன் தொடரும். ஆனாலும் சில பெண்களுக்குச் சினைப்பை கொஞ்சம் முன்னதாகவே ஓய்ந்துவிடும். இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், அன்றைக்கே காவல் போயிற்று. அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நர்சுகளைத் தொடர்ந்து கவனித்து 1987-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டையும் எடுத்து, ஹார்மோனும் எடுத்துக்கொள்ளாதவர்களுக்கு இதயநோய் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது.

புற்றுநோய், அடங்காத ரத்தப்போக்கு என்று எடுத்தே தீரவேண்டிய நிலை இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மருந்தால் முடியாதா? சினைப்பையை விட்டுவைக்க முடியுமா? எடுத்த பிறகு என் இதயத்துக்கும் எலும்புக்கும் என்ன ஏற்பாடு?

மூலிகை காப்பாற்றுமா?

சித்த வைத்தியன் என்ற முறையில் இதை நான்தான் ஒளிவுமறைவில்லாமல் சொல்லவேண்டும்.

சோயா, ஆளி விதை, எள் போன்றவற்றில் ஈஸ்ட்ரோஜனைப்போல லேசாக வேலை செய்கிற தாவரப் பொருள்கள் உண்டு. உணவாகச் சாப்பிடுங்கள், நல்லது. தண்ணீர்விட்டான் கிழங்கை மெனோபாஸ் தொல்லைகளுக்கு நாங்கள் கொடுப்பதுண்டு. மருதம்பட்டை இதயத்துக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் மருந்து. ஆனால் இவற்றில் எதுவும் போன ஈஸ்ட்ரோஜனைத் திரும்பக் கொண்டுவராது. அடைத்த ரத்தக்குழாயைத் திறக்காது. பி.பி., ஷுகர், கொழுப்பு மாத்திரைகளை நிறுத்திவிட்டு மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், சித்த வைத்தியரே ஆனாலும், கேட்காதீர்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதானால் இரண்டு டாக்டர்களுக்கும் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

என்ன செய்யவேண்டும்?

* மாதவிலக்கு நின்ற வருஷமே பி.பி., ஷுகர், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். டாக்டரைக் கேட்டு ஒரு ஈ.சி.ஜி.யும் எடுத்து வையுங்கள். பிற்பாடு ஒப்பிட உதவும். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கு வந்தால், "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

* சர்க்கரை வியாதி இருந்தால் ஈஸ்ட்ரோஜன் காவலை நம்பவே நம்பாதீர்கள். 64 ஆய்வுகளைச் சேர்த்து 2014-ல் கணக்கிட்டபோது, சர்க்கரையால் வரும் இதயநோய் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு 44 சதவீதம் கூடுதலாக ஏறியது தெரிந்தது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது.

* கர்ப்பகாலத்தில் பி.பி.யோ ஷுகரோ வந்திருந்ததா? பிரசவத்தோடு போய்விட்டது என்று மறந்திருப்பீர்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பின்னாளில் இதயநோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.

* இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். உப்பு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம். அதில் ஊறுகாய், அப்பளம், கருவாடும் அடக்கம்!

* வாரத்தில் ஐந்து நாள், தினம் அரைமணி நேரம் கைவீசி நடங்கள். பீடி சுற்றுகிறவர்களும் தையல் தைக்கிறவர்களும் மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிஷம் நடக்கவேண்டும்.

* வெற்றிலையோடு புகையிலை வேண்டாம். வீட்டுக்குள் ஆண்கள் பீடி, சிகரெட் குடிக்கவும் விடாதீர்கள். புகைப்பழக்கம் உள்ள பெண்களுக்கு மாதவிலக்கே ஒன்றிரண்டு வருஷம் முந்தி நின்றுவிடுகிறது.

* நெஞ்சு அமுக்கமோ, மேலே சொன்ன கூட்டாளி அறிகுறிகளோ பத்து நிமிஷத்துக்குமேல் நீடித்தால் இஞ்சிச் சாறு, சோடா, ஓமத் தண்ணி என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் தவணையைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். முதல் ஈ.சி.ஜி. நார்மலாக இருந்தும் வலி நிற்காவிட்டால், இன்னொருமுறை எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று சந்தேகங்கள்

*எனக்கு 39 வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிட்டது. பயப்படவேண்டுமா?*
பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 40-க்குள் நிற்பது இயல்பல்ல. மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், இயற்கையாக நிற்கும் வயதுவரை ஹார்மோன் கொடுப்பதுதான் வழக்கம். 63 வயதுக்காரர்களிடம் செய்த சோதனையைப் பார்த்து நீங்கள் ஒதுங்கவேண்டியதில்லை.

*எனக்கு இன்னும் மாதவிலக்கு வருகிறது. அப்படியானால் மாரடைப்பு வராதா?*
வரும் வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். ஷுகர், பி.பி., புகையிலை, குடும்ப வரலாறு இருந்தால் நாற்பதிலும் வருகிறது.

*கருத்தடை மாத்திரையிலும் ஈஸ்ட்ரோஜன்தானே இருக்கிறது? இதயத்துக்கு நல்லதா?*
இல்லை. 35 வயதைக் கடந்து புகைப்பழக்கமோ பி.பி.யோ இருப்பவர்களுக்கு அந்த மாத்திரையால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

எங்கள் ஊர்ப் பக்கம் பெண் பெரியமனுஷி ஆகிவிட்டால் வீடே அமர்க்களப்படும். தாய்மாமன் சீர் வரும். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டுவார்கள். தினம் பச்சை முட்டை, எண்ணெய்க் குளியல்... 'உடம்பு வலுப்படணும்' என்று அத்தனை கவனிப்பு.

அதே பெண்ணுக்கு நாற்பத்தேழு வயதில் மாதவிலக்கு நிற்கும்போது ஒரு நாதி இல்லை. புருஷன் துபாயிலோ சவுதியிலோ இருப்பார். மகன் சென்னையில். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. "ஆஸ்பத்திரிக்கு யார் கூடப் போவ?" என்று நெஞ்சுவலியைச் சீரகத் தண்ணீரில் விழுங்கிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள்.

என்னிடம் சூரணம் வாங்கிப்போன அந்த அம்மா, பலவீனமான இதயத்தோடு மேலும் மூன்று வருஷம் இருந்து இறந்துபோனார். அன்றைக்கு நான் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லியிருந்தால் அந்தத் தசை பிழைத்திருக்கும். இன்றைக்கு ஐம்பதை ஒட்டிய பெண் யார் வந்து "வாயு" என்று சொன்னாலும், நாடி பார்த்துவிட்டு நான் முதலில் எழுதிக் கொடுப்பது ஈ.சி.ஜி. சீட்டுதான். நார்மல் என்று தெரிந்தால், பிறகு இருக்கவே இருக்கிறது சூரணம்!

உங்கள் வீட்டில் அம்மாவோ, அக்காவோ, மனைவியோ அந்த வயதில் இருந்தால் இந்த வாரமே ஒருநாள் லீவு போட்டு அழைத்துக்கொண்டு போய், பி.பி., ஷுகர், கொழுப்பு பார்த்துவிட்டு வாருங்கள். "எனக்கு என்ன வந்தது? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள்!